புகார்: போட்டிக்கென விற்ற நான்கு டயர்களில் இரண்டு நான்கரை ஆண்டு பழையவை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஆட்டோகிராஸ் போட்டிக்காக வாங்கிய டயர்களில் இரண்டை மாற்றித் தருமாறு கோருதல் – தங்கள் பிரிவின் பதிலை ஏற்க இயலாமை தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனது காருக்கு 225/45 ஆர்17 91டபிள்யூ அளவில், ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி டயர்கள் நான்கைத் தங்களிடம் வாங்கினேன். அமெச்சூர் ஆட்டோகிராஸ் போட்டிகளில் (கோன்களை வைத்துக் குறித்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் கார் போட்டி) ஓட்டுவதற்காகவே அவை வேண்டும் என்பதை ஆர்டர் செய்தபோதே தெரிவித்தேன். நான்கும் அண்மையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவ்வாறே அனுப்புவதாகத் தங்கள் விற்பனை ஆலோசகர் எழுத்து மூலம் உறுதியளித்தார். ஆனால் வந்து சேர்ந்தவற்றில் இரண்டு டயர்களில் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் நான்கு இலக்கம் 1425 என்றும், மற்ற இரண்டில் 3820 என்றும் உள்ளது. அதாவது, முதல் இரண்டும் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானவை. மற்ற இரண்டும் 2020ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் தயாரானவை. இடைவெளி நான்கரை ஆண்டு.

தயாரிப்புத் தேதி அடங்கிய முழு டாட் குறியீடு (டயரின் அடையாளக் குறியீடு) டயரின் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருந்தாலும் போதும் என்பதால், மறுபக்கத்தில் பெரும்பாலும் தேதி இருப்பதில்லை. தேதியுள்ள பக்கம் காரின் உட்புறமாக அமையும்படி பூட்டிவிட்டால், காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அது தெரியும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கையும் புரட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். நான்கும் இன்றுவரை பூட்டப்படவில்லை, ஒட்டுச்சீட்டுகூடக் கிழியவில்லை. நான்கையும் ஒரே அறையில் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து, மறுநாள் காலை ஷோர் ஏ அளவுகோல் கொண்ட கடினமானியால் (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி) தரையில் படும் பட்டன் பகுதியைச் சோதித்தபோது, பழைய இரண்டும் புதிய இரண்டைவிடத் தெளிவாகக் கடினமாக இருந்தன. அளவீட்டுப் படங்களையும் தேதி எண்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இதற்குத் தங்கள் பிரிவு அனுப்பிய பதிலில், பயன்படுத்தாத டயர் பழைய டயர் ஆகாது என்றும், நான்கிலும் ட்ரெட்வேர் எண் (தேய்மானத்தைக் குறிக்கும் எண்) 200 என்றே இருப்பதால் செயல்திறனில் வேறுபாடு இராது என்றும் கூறப்பட்டிருந்தது. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

முதலில் ட்ரெட்வேர் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க அரசின் தர அளவீட்டு முறைப்படி வழங்கப்படும் இந்த எண், ஒரு டயர் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதை ஒப்பிடுவதற்கென வைத்த அளவுகோல் டயர்களுடன் சேர்த்து ஓட்டிக் கணிப்பது. டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ பகுதியில் 400 மைல் சாலைச் சுற்றில், மொத்தம் 7,200 மைல் ஓட்டி இது சோதிக்கப்படுகிறது. எண்ணைத் தீர்மானித்து அச்சிடுவதும் தயாரிப்பாளரேயன்றி அரசு அன்று. பிடிப்பைப் பற்றி அந்த எண் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க கார் விளையாட்டுச் சங்கத்தின் சோலோ எனப்படும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் ஸ்ட்ரீட் பிரிவுக்குக் குறைந்தது 200 என்று விதி இருப்பதால்தான் போட்டி ஓட்டுநர்கள் அந்த எண்ணைத் தேடுகிறோம்; அது நுழைவுச்சீட்டு மட்டுமே. அதே 200 எண்ணைத் தாங்கிய இரு வேறு டயர்கள் ஒரே காரில் ஒரே நாளில் முற்றிலும் வேறாக நடந்துகொள்வதை இந்த விளையாட்டில் சிறிது காலம் இருந்தவர் எவரும் அறிவார். தவிர, தயாரான நாளில் அச்சான எண் ரப்பர் முதிர முதிர மாறுவதும் இல்லை. எனவே நான்கிலும் ஒரே எண் இருப்பது, நான்கும் ஒரே நிலையில் உள்ளன என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து, பயன்படுத்தாத டயர் என்ற வாதம். ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் கிடங்கில் இருக்கும் டயரையும் விட்டுவைப்பதில்லை. நல்ல கிடங்கு முதிர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ரப்பர் சிறிது சிறிதாக நெகிழ்வை இழந்து இறுகுகிறது. அன்றாடப் பயணத்துக்கு இந்த இரு டயர்களும் ஆபத்தானவை என்று நான் சொல்லவில்லை, அது என் புகாரும் அன்று. ஆட்டோகிராஸில் ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. டயரைச் சூடாக்க முன்சுற்று கிடையாது. கார் வரிசையில் நின்று ஆறிய டயருடன் புறப்பட்டு, முதல் கோனிலேயே முழுப் பிடிப்பையும் கேட்கிறது. நீண்ட பந்தயச் சுற்றில் சூடேறியபின் ஈடுகொடுத்துவிடக்கூடிய கடினமான ரப்பர், இங்கே சூடேறும் முன்பே ஓட்டம் முடிந்துவிடுவதால் பயனற்றுப் போகிறது. நான் பணம் கொடுத்து வாங்கியது அந்த முதல் சில நொடிகளின் பிடிப்பைத்தான். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பதை நான் ஒருபோதும் கேட்கவில்லை.

கலப்பு ஜோடி என்பது இன்னொரு தொல்லை. இறுகிய இரண்டையும் முன்னால் போட்டால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் வளையாமல் நேராக இழுத்துக்கொண்டு போகும். பின்னால் போட்டால், வரிசையாக வைத்த கோன்களுக்கிடையே இடமும் வலமுமாக எடையை மாற்றி ஓட்டும்போது பின்பகுதி விலகிச் சுழலும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எனப் போடுவதை நான் எண்ணியும் பார்க்கமாட்டேன். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் யோசனை சொன்னார். காற்றழுத்தம் என்பது, டயரின் தோளில் (பட்டன் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் ஓரம்) சாக்பீஸால் கோடிட்டு, வளைவில் எதுவரை அழிகிறது என்று பார்த்து, நல்ல டயரை மேலும் நன்றாக்கும் வழி. இறுகிய ரப்பரை அது இளக்காது. ஒரு கோனைத் தட்டினாலே 2 நொடி தண்டனை கூடும் விளையாட்டில், நொடியின் பத்தில் ஒரு பங்கில் இடங்கள் கைமாறும்போது, இந்த யோசனையை நான் ஏற்பதற்கில்லை.

தங்கள் ஆலோசனைச் சேவையின் தரம் பற்றியும் ஒன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். என் ரிம்மின் அகலம் 7.5 அங்குலம் என்று கூறிய பிறகும், அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று சொல்லி, 245/40 ஆர்17 என்ற இன்னும் அகலமான அளவை வாங்கும்படி முதலில் வற்புறுத்தினார்கள். அந்த அளவுக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் ரிம் அகலம் 8 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கச் சுவர் உள்நோக்கிச் சரிந்து, வளைவில் மடங்கி, கூடுதலாகக் கிடைத்ததாக எண்ணும் அகலம் தரையில் பதியாமலே போகும். நான் மறுத்ததால் அது நடக்கவில்லை. புதிதாகப் போட்டிக்கு வருபவர் ஒருவர் அந்தச் சொல்லை நம்பி வாங்கியிருப்பார்.

அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகத் தங்கள் பதிலின் இறுதியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை நான் ஏற்கவில்லை. 3820 எண்ணுள்ள இரண்டு டயர்களையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1425 அல்லது அதற்குச் சில வாரங்களே முன்பின்னான தேதியுள்ள இரண்டை அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் அவற்றின் தேதி எண்ணைப் படம் எடுத்து எனக்குக் காட்ட வேண்டும். அத்தகைய இருப்பு இல்லையெனில், இரண்டின் விலையை மட்டும் திருப்பித் தருவது தீர்வாகாது. ஜோடி சேராத மீதி இரண்டும் எனக்குப் பயன்படாதவை; எனவே நான்கையும் எடுத்துக்கொண்டு, அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இவ்விரண்டில் எதைச் செய்கிறீர்கள் என்பதை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தவறினால், ஆலோசகரின் எழுத்து உறுதியுடன் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

இணைப்புகள்: கட்டண ரசீதின் நகல், ஆலோசகருடனான எழுத்துப் பரிமாற்றம், நான்கு டயர்களின் தேதி எண் மற்றும் கடினமானி அளவீட்டுப் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)