இட்டேரியும் அவிநாசி ரோடும்

கோபி

அன்புள்ள மாப்ளே,

சௌக்கியமா? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி போகுது, நடவு மும்முரம். ஆள்தான் கிடைக்கறதில்லை.

கோயமுத்தூர் வரைக்கும் வந்துட்டு எட்டிப் பார்க்காமப் போயிட்டேன்னு போன்ல பொரிஞ்சு தள்ளினயே, நடந்ததைக் கேளு. மகன்தான் காரை ஓட்டினான். 2025 அக்டோபர்ல திறந்தாங்களே, அவிநாசி ரோட்டு மேல ஜி.டி. நாயுடு பேருல பத்து கிலோமீட்டர் பாலம், அதைப் பார்க்கோணும்னு நான்தான் ஏறச் சொன்னேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டாச்சு. கீழே வந்தா எதிர்ப்பக்கம் உன் வீதி முக்கு பேக்கரி தெரியுது, டீ ஆத்தறவன் கூடத் தெரியறான். ஆனா நடுவுல தடுப்பு. சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் வெச்சிருக்காங்க. ஒரு தரம் திரும்பி வந்தோம், லாரிக்குப் பின்னால மாட்டி உன் வீதியைத் தாண்டிட்டோம். மறுபடியும் சுத்தினா டாக்டர் பார்க்கிற நேரம் போயிரும்னான். போயிட்டோம்.

அது ரெண்டு பக்கமும் போற ரோடா மாப்ளே? ரெண்டு ஒன்வேயை முதுகோட முதுகு ஒட்டி வெச்சிருக்கு. நேருக்கு நேர் மோதாதுன்னு மகன் சொல்றான், அது சரிதான். ஆனா எதிர்ல வர்றவன் மூஞ்சியே தெரியாம ஊர் முழுக்கப் போயிரலாம்.

நம்ம இட்டேரி ஞாபகம் இருக்கா? ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒத்தை வண்டிதான் போகும். எங்கப்பன் மூக்கணாங்கயித்தை இழுத்துப் பிடிச்சுக் காது கொடுப்பாரு. எதிர்ல சலங்கைச் சத்தம் கேட்டா, "பாரமா, வெறும் வண்டியா?"ன்னு ஒரு சத்தம். நம்முது வெறும் வண்டின்னா நான் குதிச்சு ஓடிப் பக்கத்துத் தோட்டத்துப் படலைத் திறக்கோணும். வண்டி உள்ளே ஒதுங்கும், பார வண்டி முனகிக்கிட்டே போகும். போறவர் ஒரு பொகையிலைத் துண்டை நீட்டுவாரு. காட்டுக்காரன் படலை ஏன் திறந்தேன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவுலயும் இதே கணக்குத்தான். இறங்கற வண்டி நின்னு ஏறற வண்டிக்கு வழி விடோணும், சட்டமே அப்படி. ஏத்தத்துல நின்ன பார லாரியை மறுபடி எடுக்கறது லேசா? இப்பப் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஹாரன்தான் தெரியும்.

இன்னொண்ணு யோசிச்சேன். நம்ம சினிமாவுல ஒருவழிப் பாதைன்னு அழுவாங்க, ஒருதலைக் காதல்னு தாடி வளர்ப்பாங்க. 1980-ல 'ஒருதலை ராகம்' பார்த்துட்டு நீ ஒரு மாசம் சவரம் பண்ணலையே! இருவழிப் பாதைன்னு எவனாச்சும் பாடியிருக்கானா? ரெண்டு பக்கமும் சரியாப் போனா அதுல பாட்டுக்கு என்ன வேலை? வள்ளுவர் மட்டும் 1196-வது குறள்ல சொல்லிட்டாரு, காதல் ஒரு பக்கம் மட்டும்னா துன்பம், காவடி மாதிரி ரெண்டு பக்கமும் இருந்தா இனிப்புன்னு. கொடுமுடியில இருந்து பழனிக்குத் தீர்த்தக் காவடி தூக்கினவனுக்கு இது தோள்லயே தெரியும். ஒரு சொம்புல தண்ணி குறைஞ்சாப் போதும், தண்டு கழுத்தை அறுக்கும்.

சரி, கோவிச்சுக்காதே, கணக்கையும் சொல்லிர்றேன். மூணு வருசத்துல நான் உன் வீட்டுக்கு ஏழு தரம் வந்திருக்கேன், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னது எட்டாவது. நீ ஒரே தரம், அதுவும் கல்யாணத்துக்கு, பந்தியோட திரும்பிட்டே. நான் இப்ப பார வண்டி மாப்ளே, சக்கரை இருக்கு, கண்ணுல புரை வேற. படலை நீதான் திறக்கோணும்.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறு. நம்பியூர் தாண்டினதும் போன் போடு, ஸ்டாண்டுக்கு மொபெட்டை எடுத்துட்டு வந்தர்றேன். தங்கச்சியும் வர்றதா இருந்தா முன்னாலயே சொல்லு, காரை வெச்சுக்கறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்