ஸ்டாண்ட்பை மட்டும் போதாது

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகனுக்குப் பெண் பார்க்கிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். நாம் இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் முழுக்க இப்போது செம்பனைதான்.

உங்கள் கிளினிக்கில் முதல் சர்வரை அப்படியே படியெடுத்துக்கொண்டு ஸ்டாண்ட்பை சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும்போது டிரான்ஸாக்‌ஷன் லாக்கையெல்லாம் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) எதற்குத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். எங்கள் செம்பனை எண்ணெய் மில்லில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்.

லாரித் தராசுக்கு சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனிப் பையன் ஒரு சிறுதோட்டக்காரரின் பெயரைத் திருத்த வந்தான். அப்டேட் கட்டளையில், யாருடையதை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை வரியை விட்டுவிட்டான். மில்லுக்குப் பழம் போட்ட அத்தனை பேரின் எடைச் சீட்டும் ஒரே ஆளின் பெயருக்கு மாறிவிட்டது. ஸ்டாண்ட்பையை ஓடிப் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கூத்து. தோட்டத்துக் கிராணி செக்ரோல் பதிவேட்டில் தப்பாக எழுதினால், அதைப் பார்த்து எழுதுகிறவனும் அதே தப்பைத்தானே எழுதுவான்! டிஸ்க் செத்தால் ஸ்டாண்ட்பை காப்பாற்றும், மனிதன் செய்கிற தப்பிலிருந்து காப்பாற்றாது.

வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் வேகவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் தராசை நிறுத்தவில்லை. புரோகிராமை மட்டும் நிறுத்திவிட்டு, கார்பன் புத்தகத்தில் எழுதச் சொன்னேன்.

எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக்கில்தான் விழும், ஒரு லாக் ஃபைல் வழக்கமாக 16 எம்பி. அது நிரம்பினால்தான் ஆர்க்கைவுக்கு, அதாவது லாக்கைத் தனியாகச் சேர்த்து வைக்கும் இடத்துக்குப் போகும். எங்களைப் போன்ற சின்ன இடத்தில் ஒரு ஃபைல் நிரம்ப வெகுநேரம் ஆகும். அதனால் முதல் வேலையாக, இருக்கிற லாக்கை மூடி ஆர்க்கைவுக்குத் தள்ளும்படி சர்வருக்குக் கட்டளை கொடுத்தேன். அப்புறம் வேறொரு கணினியில் கடைசி முழு பேக்கப்பை விரித்து, அதன்மேல் லாக்குகளை வரிசையாக ஓடவிட்டேன்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். லாக்கைப் படித்துக் காட்டும் கருவி ஒன்று போஸ்ட்கிரெஸோடு வருகிறது. அதில் பார்த்தால், ஒரே டிரான்ஸாக்‌ஷன் எண்ணில் ஆயிரக்கணக்கான அப்டேட் வரிசையாக நின்றது. அந்த எண்ணையே எல்லையாகக் கொடுத்தேன். ஆனால் சொல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்ஸாக்‌ஷனையும் சேர்த்துக்கொண்டுதான் நிற்கும். 'இது வேண்டாம், இதற்கு முன்பே நில்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

நீ நேரத்தை எல்லையாகக் கொடுப்பதானால் பின்னால் நம் நேரத்தைக் குறிக்கும் +08 போட மறக்காதே. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால், நீ மதியம் 2 மணி என்று கொடுப்பது நம் ஊர் இரவு 10 மணியாகிவிடும். 13ஆம் பதிப்பு முதல், அந்த எல்லை வராமல் லாக் முடிந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு முந்தைய பதிப்புகள் எந்தப் பிழையும் காட்டாமல் எல்லா லாக்கையும் ஓட்டி, தப்பையும் சேர்த்துத் திரும்பக் கொடுத்துவிடும்.

எல்லைக்கு வந்ததும் அது நின்று காத்திருக்கும், உள்ளே போய்ப் படித்துப் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் பிந்திய மாற்றங்கள்வரை போகவேண்டுமென்றால், நிறுத்தி எல்லையைத் தள்ளி வைத்துத் திரும்ப ஓட்டலாம். தாண்டிப் போய்விட்டால் பின்னால் வரமுடியாது, மறுபடி பேக்கப்பிலிருந்துதான். அதனால் சந்தேகம் இருந்தால் முன்னாலேயே நிறுத்து. ஓடுகிற டேட்டாபேஸை முழுக்க மாற்றவில்லை, சீட்டுப் பட்டியலை மட்டும் மீட்ட கணினியிலிருந்து எடுத்துச் சரிசெய்தோம். பிறகு கார்பன் புத்தகத்தில் இருந்ததைப் பதிந்தார்கள்.

இத்தனையும் நடந்தது, நடுவில் ஒரு லாக்கூடக் காணாமல் போகாததால். ஒன்று விடுபட்டாலும் அதற்குமேல் நகராது, பின்னால் எத்தனை இருந்தாலும் வீண். ஆர்க்கைவ் கட்டளை, ஃபைல் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால்தான் வெற்றி என்று சொல்ல வேண்டும். போய்ச் சேராவிட்டால் லாக்குகள் சர்வரிலேயே குவிந்து, டிஸ்க் நிரம்பி சர்வர் படுத்துவிடும், அதையும் கண்காணி. நீ இரவில் எடுக்கும் டம்ப் (தரவை மட்டும் எழுதியெடுக்கும் பிரதி) நல்லதுதான், ஆனால் அதன்மேல் லாக்கை ஓட்ட முடியாது. டேட்டாபேஸ் ஃபைல்கள் இருக்கும் டேட்டா டைரக்டரியையே படியெடுக்கும் பேக்கப் வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்லேபில் தவறான சர்வரில் டைரக்டரியை அழித்துவிட்டார்கள். வேறு பதிப்புக்கான டம்ப் கருவி ஓடியதால் டம்ப் எதுவும் தேறவில்லை. அது தோற்கிறது என்று போன மின்னஞ்சல்களும் யாரையும் சேரவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேரத்துப் படி) கைகொடுத்தது. பெரிய இடத்துக்கே இந்தக் கதி. ஒரு பழைய கணினியை ஒதுக்கி, மாதம் ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பார்.

உங்கள் போஸ்ட்கிரெஸ் பதிப்பு எண்ணை எழுதி அனுப்பு. 12க்கு முன்பு என்றால் ரீஸ்டோர் அமைப்பைத் தனி ஃபைலில் எழுத வேண்டும், 12லிருந்து முறை மாறிவிட்டது. தீபாவளிக்கு வந்தால் சேர்ந்தே செய்து பார்ப்போம், லேப்டாப்பை எடுத்து வா. பெண் எந்த ஊர் என்றும் எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்