சேகரு, சிடி ஸ்கேன் பாத்துட்டேன்

சேகரு, எப்படிடா இருக்க? கிரகப்பிரவேசத்துக்கு வர முடியல, அன்னைக்குன்னு பாத்து நைட் டூட்டி, தங்கச்சி கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு.

பைக்ல இருந்து விழுந்த உன் மச்சான் பையனோட சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் முழுசா பாத்துட்டேன். கழுத்தெலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு, ஸ்க்ரூ போடணும்னு அங்க ஆஸ்பத்திரில சொன்னதும் வீடே ஆடிப்போயிருக்கும், ஆனா எனக்கு அது உடைஞ்ச எலும்பா தெரியலடா, பொறவியிலேயே ஒட்டாம விட்டுப்போன எலும்பு.

கழுத்துல முதல் எலும்பு சி1, அட்லஸ்னு சொல்லுவோம், மண்டையத் தாங்குற வளையம். சின்ன வயசுல அது துண்டு துண்டா இருந்து பின்பக்கம் 4 வயசு வாக்குல, முன்பக்கம் 7 வயசு வாக்குல ஒட்டிக்கும். சில பேருக்கு ஒட்டாது. பின்னாடி கேப்பு நூத்துல 4 பேருக்கு இருக்கும், முன்னாடின்னா ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான், இவனுக்கு ரெண்டும் இருக்கு, குழப்பமே அங்கதான். ஜெஃபர்சன் ஃப்ராக்சர்னு ஒண்ணு இருக்கு, 1920ல ஒரு பிரிட்டிஷ் சர்ஜன் எழுதுனது, தலைகுப்புற விழுந்தா இதே வளையம் முன்னயும் பின்னயும் வெடிச்சு பக்கவாட்டுல விரியும். பைக்ல இருந்து விழுந்த பையன், சி1ல ரெண்டு கேப்பு, நடுராத்திரி கேசுவாலிட்டில பாக்குறவரு வேற என்னத்த நினைப்பாரு.

ஓரத்தப் பாக்கணும்டா. மெல்லிசான ஸ்லைஸா ஒவ்வொண்ணா நகத்திப் பாத்தேன். புதுசா உடைஞ்சதுன்னா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், இவனுக்கு ரெண்டு பக்கமும் கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கு, சுத்தி கார்டெக்ஸோட, அதாவது எலும்போட கெட்டியான வெளி ஓட்டோட, வெள்ளைக் கோடு விட்டுப்போகாம ஓடுது, கேப்பும் நட்டநடுவுல. எம்ஆர்ஐல எலும்புக்குள்ள நீர் கோக்கல, தொண்டைக்குப் பின்னாடி வீக்கமில்ல, எலும்புகள இறுக்கிப் பிடிக்கிற குறுக்கு லிகமென்ட்டும் அறுபடல. வெறும் எக்ஸ்ரேவ வச்சு இவ்வளவும் சொல்லிருக்கவே முடியாது.

அதுக்காக இந்த மாதிரி எலும்புக் கோளாறெல்லாம் சும்மான்னு நினைச்சுராத. சி1க்கு அடுத்த எலும்பு சி2, அதுல மேல நீட்டிட்டு இருக்குற முளை தனித்துண்டா நிக்கிற கேஸ் உண்டு, ஆஸ் ஓடோன்டாய்டியம்னு பேரு, அதுல லேசான அடியே தண்டுவடத்த நசுக்கிரலாம். பெடிக்கிள், அதாவது எலும்போட முன்பக்கத்தயும் பின்பக்கத்தயும் இணைக்கிற தூண், இல்லாமலே பொறக்குறவங்களும் இருக்காங்க, பெரும்பாலும் சி6ல, அத மூட்டு நழுவிருச்சுன்னு நினைச்சு வெயிட்டு கட்டி இழுத்த கதையெல்லாம் உண்டு.

அதனால கழுத்துல போட்டிருக்குற காலரக் கழட்டுன்னு நான் சொல்லல. வேற ஒரு ஸ்பைன் சர்ஜன்கிட்ட காட்டுங்க, வலி அடங்குனதும் அவரு பக்கத்துல இருக்கும்போதே கழுத்தக் குனிஞ்சு ஒண்ணு நிமிந்து ஒண்ணு எக்ஸ்ரே எடுக்கட்டும், சி1க்கும் சி2 முளைக்கும் நடுவுல உள்ள இடைவெளி பெரியவங்களுக்கு 3 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. நடுவுல கை கால் மரத்துப்போகுது, நடை தடுமாறுதுன்னா எதுக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போங்க.

என் ரிப்போர்ட்ட நாளைக்கு கூரியர்ல போடுறேன். அத போட்டோ எடுத்து அவன் போன்லயே வச்சிருக்கச் சொல்லு, இன்னொரு தடவ எங்கயாச்சும் விழுந்தா கேசுவாலிட்டில மொதல்ல அதத்தான் காட்டணும். ஹெல்மெட்டு போட்டிருந்தானா, அதச் சொல்லவே இல்லையே நீ?