கொலாப்ஸ் உனக்கு, மற்றது எனக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. "அவர்களும் கடைசியில் மெலடிக்குப் போய்விட்டார்கள்" என்று போன வாரம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினாய். பதில் சொல்ல எனக்கு விஷயம் தெரியவில்லை. அதனால் நீ அலமாரியில் விட்டுப்போன அந்த ஜெர்மன் இசைக்குழுவின், அதாவது ஐன்ஸ்டூர்ட்சண்டே நொய்பௌட்டனின், சிடிக்களை வெளியான வரிசைப்படி நான்கு நாள் கேட்டேன்.

1981-இல் வந்த 'கொலாப்ஸ்' ஆல்பத்தை நீ பதினேழு வயதில் அலறவிட்டபோது, யாரோ தகரக் கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அது பெரிய தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில், காசில்லாத பையன்கள் பழைய இரும்பைத் தட்டி இசை செய்திருக்கிறார்கள். 1980-இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே புகுந்து பதிவு செய்திருக்கிறார்கள். 1984-இல் லண்டனில் குழுவினர் சிலர் மேடையையே துளைக்கத் தொடங்க, நிகழ்ச்சி பாதியில் நின்றது. 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள்படும் பெயரைக் குழுவுக்கு வைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

ஆனால் அதையே ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டுமா? தொண்ணூறுகளின் நடுவில் பேஸ் கிதார் வாசித்த மார்க் சுங் விலகினார். இரும்பை அதிர வைத்த எஃப்.எம். ஐன்ஹைட்டும் விலகினார். அதன் பிறகு, 1996-இல், குழுவின் பாடகர் பிளிக்சா பார்கெல்ட், மெரெட் பெக்கர் என்ற பாடகியுடன் பாடிய 'ஸ்டெல்லா மாரிஸ்' வந்தது. கனவில் ஒருவரையொருவர் தேடும் இரண்டு குரல்கள். மொழி புரியாமலே மூன்று முறை கேட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

2000-இல் வந்த ஆல்பத்தில்தான் எனக்கு உன் கோபத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அதன் தலைப்புப் பாடலில் குரல் நின்றுபோகிற இடத்தில் சிகரெட் புகையை இழுக்கும் ஓசை கேட்கிறது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். இரும்பில் இசை இருக்கிறது என்று கண்டுபிடித்த அதே காதுதானே இதையும் கண்டுபிடித்தது? நீ அதைச் சரணாகதி என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில பாடல்களில் எனக்குத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

'கொலாப்ஸ்' சிடியை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். 'ஸ்டெல்லா மாரிஸ்' உள்ள சிடி என்னிடமே இருக்கட்டும். நீதான் கேட்கப் போவதில்லையே.

அன்புடன்,
அப்பா