கோல்ஃப் டிரைவர் மட்டையின் தலையில் விரிசல்: வாரண்டி மறுப்பை எதிர்த்து ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோல்ஃப் கருவிகள் விற்பனை நிறுவனம்.

பொருள்: வாரண்டிக் காலத்துக்குள் விரிசல் விட்ட டிரைவர் தலைக்கு மாற்று கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் கோவைக் கிளையில் நான் வாங்கிய டிரைவரின் (பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் பெரிய தலை கொண்ட கோல்ஃப் மட்டை) தலை வாரண்டிக் காலம் முடியும் முன்பே விரிசல் விட்டதைப் படங்களுடன் தெரிவித்திருந்தேன். அதற்குத் தங்கள் சேவைப் பிரிவு, "தவறான பயன்பாடு அல்லது இயல்பான தேய்மானம்" என்று ஒற்றை வரியில் காரணம் கூறி என் கோரிக்கையை மறுத்துவிட்டது. தவறாகப் பயன்படுத்தியதால் உடைந்தது என்பதும், முறையாகப் பயன்படுத்தியும் தேய்ந்துபோனது என்பதும் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள். மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றையாவது உறுதியாகச் சொல்லியிருக்க முடியும். யாரும் பார்க்கவில்லை என்பதே என் முதல் புகார்.

விரிசல், பந்தை அடிக்கும் முகத்தகட்டின் நடுவில் இல்லை. ஷாஃப்டை (மட்டையின் தண்டை) ஒட்டிய ஹீல் எனப்படும் குதிகால் பக்கத்தில், முகத்தகடும் உடல்பகுதியும் பற்றவைக்கப்பட்டுள்ள விளிம்பின் வழியே, கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. பந்து பட்டுத் தேய்ந்த தடமோ முகத்தின் நடுப்பகுதியில்தான் உள்ளது. விரிசலுக்கு அருகே அப்படி எந்தத் தடமும் இல்லை. மேற்புறக் கிரவுனின் வண்ணப்பூச்சு சிறு கீறலும் இன்றி இருக்கிறது. பந்தின் அடியில் புகுந்து வானத்துக்குத் தூக்கி அடிப்பவரின் மட்டையில் முதலில் காயம்படுவது கிரவுனின் முன்விளிம்புதான். பையில் உறையின்றிக் கிடந்து அயர்ன்களோடு (மற்ற உலோகத் தலை மட்டைகளோடு) மோதிய டிரைவரிலும் கிரவுனில் தழும்பு தெரியும். என் மட்டை எப்போதும் ஹெட் கவரோடுதான் இருந்துள்ளது.

டிரைவர் தலை உடையவே கூடாது என்று நான் வாதிடவில்லை. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கோல்ஃப் விதி; அந்த அளவுக்குப் பெரிதாக்கியும் எடை கூடாமலிருக்க, டைட்டானியம் முகத்தகட்டைச் சில மில்லிமீட்டர் கனத்துக்கே இழைக்கிறார்கள். ஏறக்குறைய 46 கிராம் எடையுள்ள பந்து அதனோடு தொட்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே என்றாலும், வேகமாக அடிக்கும்போது அந்த நேரத்துக்குள் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட விசை தகட்டை உள்ளே வளைத்துத் திரும்ப விடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் உலோகம் சோர்வடைந்து, தன் மிகப் பலவீனமான இடத்தில் பிளக்கத் தொடங்கும். பற்றவைப்பில் நுண்ணிய காற்றுக்குமிழியோ முழுதும் உருகாத இணைப்போ இருந்தால் அந்தப் பலவீனமான இடம் தொழிற்சாலையிலேயே உருவாகிவிடுகிறது. என் மட்டையில் அதுதான் நடந்திருக்கிறது என்று விரிசலின் இடத்தைக் கொண்டு கருதுகிறேன். இல்லையென்றால் ஆய்வு செய்து மறுக்க வேண்டியது தங்கள் கடமை.

தொலைபேசியில் பேசிய ஊழியர், கார் டிக்கியின் வெப்பத்தையும் ரேஞ்ச் பந்துகளையும் (பயிற்சித் திடலில் அடிக்கத் தரும் பந்துகள்) காரணமாகச் சொன்னார். வெயிலில் நிறுத்திய காரின் சூடு, ஷாஃப்டைத் தலையோடு ஒட்டியிருக்கும் பசையை இளக்கக்கூடும். அப்போது தலை ஆடும் அல்லது கழன்றுவிடும். 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் டைட்டானியக் கலவையை அந்தச் சூடு பிளக்காது. ரேஞ்ச் பந்துகளைப் பொறுத்தவரை, கடினமான பழைய பந்துகளும் அவற்றில் ஒட்டிய மணலும் முகத்தைக் கீறும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வாங்கும் முன் இதே டிரைவரைத் தங்கள் கடையின் வலைக்கூண்டில் என்னிடம் கொடுத்து, ஒரு கூடை ரேஞ்ச் பந்துகளை அடித்துப் பார்க்கச் சொன்னவர்கள் தாங்கள்தான்.

"இயல்பான தேய்மானம்" என்ற வாதமும் பொருந்தவில்லை. 2024 ஆகஸ்டில் கொலராடோவில் நடந்த பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றில் தொழில்முறை வீரர் மேட் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் டிரைவர் முகம் விரிசல் விட்டது. 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு முன் மற்றொரு தொழில்முறை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவர், பயன்படுத்தப் பயன்படுத்த முகத்தின் துள்ளல் விதியின் வரம்பைத் தாண்டி, சோதனையில் தோற்றது. அவர்கள் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நாள்தோறும் அடிப்பவர்கள். என் வேகம் 140-ஐத் தாண்டாது என்பது தங்கள் கடைக் கருவியே அளந்து, எனக்கு ஷாஃப்ட் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய தகவல். வார இறுதியில் மட்டும் ஆடும் என் மட்டை ஓராண்டுக்குள் தேய்ந்துபோகும் என்றால், அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தாங்கள் தந்த வாரண்டி அட்டையில் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அடிக்கும் முன் முகத்தைத் துடைப்பது, ஈர உறைக்குள் மூடி வைக்காதது, தலையில் உள்ள திருகை மட்டையோடு வந்த ரெஞ்ச் 'கிளிக்' என்னும் வரை மட்டுமே முறுக்குவது, ஒலி மாறினால் ஆட்டத்தை நிறுத்தி முகத்தைப் பார்ப்பது ஆகியவற்றை நான் என் பழக்கத்தால் செய்துவந்தேன். வழக்கமான கணீர் ஒலி போய் மொத்தையான சத்தம் எழுந்த உடனேயே நிறுத்தியதால்தான் விரிசல் இன்னும் மயிரிழை அளவில், ஆய்வுக்கு ஏற்ற நிலையில் இருக்கிறது. பசையிட்டு ஒட்டித் தருவதாக உள்ளூரில் ஒருவர் முன்வந்தும் நான் கொடுக்கவில்லை.

எனவே, மட்டையைத் தங்கள் செலவில் பெற்று, பற்றவைப்பை ஆய்வு செய்து, முடிவை எழுத்து வடிவில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குறை உற்பத்தியில் என்று தெரிந்தால் அதே வகைப் புதிய தலையையோ, நான் செலுத்திய முழுத் தொகையையோ வழங்க வேண்டும். தலைக்கு மாற்றாகத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாக இருந்தால் அதை ஏற்க இயலாது. இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டு, மட்டையை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கக் கோருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், வாரண்டி அட்டை நகல், விரிசலின் படங்கள், தங்கள் மறுப்பு மின்னஞ்சல்.