ஊருணி 9ஆம் பக்கத்தில்தான் வருகிறது

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு வந்த பெரியவள் நேற்றுதான் ஓசூருக்குப் பஸ் ஏறினாள். வீடு அமைதியானதும், உங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரக் கம்பெனியிடம் பணம் கேட்டு நீ எழுதி அனுப்பிய புரொபோசலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கோபித்துக்கொள்ளாதே. 23 பக்கத்தில் ஊருணி 9ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவரை தண்ணீரின் பெருமை. கம்பெனியில் படிக்கப்போகிறவருக்கு அது தெரியாதா? உங்கள் ஊரில் எத்தனை வீடு, எந்த மாதம் ஊருணி வற்றுகிறது, வற்றினால் லாரித் தண்ணீர் குடம் என்ன விலை, இதுதான் அவருக்குத் தெரியாது. போனில் என்னிடம் புலம்பும்போது எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாயே, அதில் ஒன்றுகூட இதில் இல்லை. ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ மட்டும் 6 இடத்தில் இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. போன வருடம் எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு எழுதியபோது, கடைசி ராத்திரி ஆடிட்டர் கட்டணத்தைப் பட்ஜெட்டில் சேர்த்தேன். முதல் பக்கத்துத் தொகையை மாற்ற மறந்துபோனேன். அங்கே 8,40,000, இங்கே 8,70,000. அப்படியே திரும்பி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உன் பட்ஜெட்டில் ‘இதர செலவு 1,50,000’ என்று ஒரு வரி. அதை எடுத்துவிடு. பொக்லைன் மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், டிராக்டர் எத்தனை நடை என்று பிரித்துப் போடு. வரத்துக்காலையும் விட்டுவிட்டாய். அதில் கருவேலம் மண்டிக் கிடந்தால் தூர்வாரி என்ன பிரயோஜனம்?

சரி, எழுத்தைத் திருத்திவிடலாம். காலம்தான் பெரிய சிக்கல். பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆருக்கு, அதாவது சமூகப் பணிகளுக்கு, செலவழிக்க வேண்டும். அந்தக் கணக்கு மார்ச்சில் முடியும். நீ ஐப்பசியில் போய்க் கேட்டால், மார்ச்சுக்குள் முடிப்பாயா என்பார்கள். அப்போதுதான் உன் ஊருணி நிறையத் தொடங்கியிருக்கும். பொக்லைன் எங்கே இறங்கும்? அதனால் இப்போதே கொடு. ஏப்ரலில் தொடங்கும் வருடத்துத் திட்டத்தில் சேர்த்தார்கள் என்றால் வைகாசியில் வேலை ஆரம்பிக்கலாம்.

26ஆம் தேதி கிராம சபை வருகிறது. தூர்வாரத் தீர்மானம் போடச் சொல்லி நகல் வாங்கி இணைத்துவிடு. ஊருணி உன் ட்ரஸ்டுக்குச் சொந்தமில்லையே, ஊர் சம்மதம் எங்கே என்று முதலில் கேட்பார்கள்.

அப்புறம், ட்ரஸ்டுக்கு வருமான வரிப் பதிவு 12ஏ, 80ஜி இருக்கிறது என்றாய். சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டாயா? 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவு எண் இல்லாமல் சிஎஸ்ஆர் வேலை உன் கைக்கு வராது. ஆடிட்டரை இன்றைக்கே பிடி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீளம், அகலம், வண்டல் ஆழம் மூன்றையும் கரையோரமாக நடந்து அளந்துவிடுவோம். 100 அடி டேப் யாரிடமாவது வாங்கி வை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்