பாவம் யார் கணக்கில்?

பாலக்கோடு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். கிருஷ்ணகிரிப் பக்கம் மா நன்றாகப் பூத்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது.

உங்கள் தேவாலயப் பங்கில் ஒரு வீட்டுப் பையன், தான் பெண் என்று சொல்லிவிட்டதாகவும், "இது பாவமா, தானாகத் தேடிக்கொண்டதா?" என்று பெற்றோர் உன்னிடம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறாய். உபதேசியார் நீ, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளே இருக்கும் உணர்வையும் வெளியே செய்யும் செயலையும் முதலில் பிரித்துவிடு. உணர்வை யாரும் கேட்டு வாங்கவில்லை. செயலுக்குத்தான் பொறுப்பு.

13ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாமிய அறிஞர் இமாம் நவவி இப்படிப் பிரித்திருக்கிறார்: பிறவியிலேயே பெண் சாயல் கொண்ட ஆண்மேல் பழியும் இல்லை, பாவமும் இல்லை, வேண்டுமென்று பாவனை செய்பவருக்கே கண்டனம். உங்கள் மத்தேயு 19:12-ம் தாய் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்தவர்களைத் தனியே சொல்கிறது. இணைச்சட்டம் 23:1 சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகரை, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவரை, எசாயா 56 ஆண்டவரின் இல்லத்துக்குள் அழைக்கிறது. திருத்தூதர் பணிகள் 8-இல் எத்தியோப்பிய அண்ணகருக்குப் பிலிப்பு வழியிலேயே திருமுழுக்கு கொடுக்கிறார். இன்றைய திருச்சபை நிலையையும் மறைக்காதே. 2024 ஏப்ரலில் வத்திக்கானின் கோட்பாட்டு அலுவலகம் வெளியிட்ட ஆவணம் பாலின மாற்றச் சிகிச்சையை ஏற்கவில்லை. அதே அலுவலகம் 2023-இல், பிறருக்கு இடறலாகாத சூழலில் திருநர் திருமுழுக்குப் பெறலாம் என்றது. ஒன்றை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

எங்கள் பக்கம் உடனே பாரதத்தில் அர்ச்சுனன் எடுத்த பிருகன்னளை வேடத்தைக் காட்டுவார்கள். மழை வேண்டி, அந்தக் கதை வரும் விராட பர்வக் கூத்து வைக்கிற ஊர்கள் ஆயிற்றே. ஆனால் அது ஊர்வசி சாபத்தால் வந்த ஓராண்டு வேடம். அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அதற்குக் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் நெருக்கம். அங்கே பூசாரியே திருநங்கைகளுக்குத் தாலி கட்டுகிறார். அந்த மரியாதை சித்திரைத் திருவிழாவோடு முடிந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோர் பிள்ளையின் பாவத்தை எண்ணுகிறார்கள். தாங்கள் செய்யப்போவதை எண்ணுவதில்லை. "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகாது. ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். அது அவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுக்கிற செயல், அந்தப் பாவம் அவர்கள் கணக்கில்தான். பேயோட்டக் கூட்டிப்போக விடாதே. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லும் மருத்துவரிடமும் வேண்டாம். அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. படிப்பை நிறுத்தக்கூடாது. பிள்ளையிடமும் ஒன்று சொல்: யார் சொன்னாலும் ஹார்மோன் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டு உண்டாக்கலாம். பரிசோதனை செய்து, மருத்துவர் அளவு சொல்லித்தான் தொட வேண்டும்.

விஷயம் பங்கு மக்கள் காதுக்குப் போக வேண்டாம், ஜெபத்துக்கு என்றுகூடப் பெயர் சொல்லிக் கேட்காதே. முதலில் தகப்பனைத் தனியாகப் பார். உறவுக்காரர்கள் நடுவே கேட்டால் அவர் வாயிலிருந்து கோபம்தான் வரும். தனியாக இருந்தால் பயத்தைச் சொல்வார்.

அன்புடன்,
உன் நண்பன்